சீர்ச் சேலையில் மயிலைக் காணோம்

அன்றைக்குக் கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது "நானும் அங்கதான் இருந்தேன்" என்று சாட்சி சொல்ல வந்துவிடக் கூடாது.

நான். கேமரா பிடிக்கிற என் கூட்டாளி செல்வம். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த தவமணி அண்ணன். அவர் மனைவி பேச்சியம்மாள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்து, எடுத்து, பிரிண்டை வாங்கிப் பையில் வைத்த பிறகும் எழுந்து போக மனம் வராத விளாங்குடிக்காரர் ஒருவர். அவ்வளவுதான். பழங்காநத்தத்தில் எங்கள் ஸ்டுடியோவின் அகலத்துக்கு அதுவே மாநாடு.

தவமணி அண்ணன் உட்காரவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து என் கீபோர்டின் மேல் விரித்தார்.

"தம்பி, இது என்ன?"

எனக்கு வேர்த்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் எனக்கு முதலில் வேர்க்கும், பதில் அதற்கப்புறம்தான் வரும். பஸ்ஸில் கண்டக்டர் "எங்க போகணும்?" என்றாலும் அப்படித்தான்.

"சேலைண்ணே."

"என்ன சேலை?"

"பட்டு மாதிரி தெரியுதுண்ணே."

"மாதிரியா!" என்றார் பேச்சியம்மாள். "தொட்டுப் பாருங்க. கையக் கழுவிட்டுத் தொடுங்க."

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் விளாங்குடிக்காரர் கழுவாமலே தொட்டுப் பார்த்துவிட்டு, "அசல் பட்டு" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். அரக்கு நிறம். உடம்பெல்லாம் பொடிப்பொடியாக ஜரிகை மயில். ஒவ்வொரு மயிலும் ஒரு புளியங்கொட்டை அளவு.

தவமணி அண்ணன் அடுத்து ஒரு ஆல்பத்தைத் திறந்து அதே சேலையின் பக்கத்தில் வைத்தார். நாங்கள் போட்டுக் கொடுத்த ஆல்பம்தான்.

"அப்ப இது என்ன?"

படத்தில் தாம்பாளத் தட்டு இருந்தது. தட்டின் மேல் அரக்கு நிறத்தில் ஏதோ ஒன்று வழவழவென்று மின்னியது. மழைக்கோட்டை மடித்து வைத்தால் அப்படித்தான் இருக்கும். மயிலைக் காணோம். ஒரு இறகைக்கூடக் காணோம்.

செல்வம் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கும் இந்த ஸ்டுடியோவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவன் மாதிரி லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

புள்ளிக்குப் பயந்த ஊர்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கல்யாண ஆல்பத்தில் முகம் காட்டியவர்கள். மீதிப் பேர் "என் முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று சண்டை போட்டவர்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன்.

வெளிச்சம் குறைவான இடத்தில் படம் எடுத்தால் கேமரா இல்லாத வெளிச்சத்தை இருக்கிற மாதிரி காட்டப் பாடுபடும். அந்தப் பாட்டில் படமெல்லாம் புள்ளி விழும். சிவப்பு, பச்சை, கறுப்பு என்று ரவையைத் தூவின மாதிரி. தொழிலில் அதை நாய்ஸ் என்போம். கஸ்டமர்கள் அதை "என்னய்யா இது?" என்பார்கள்.

இந்தப் புள்ளியை எடுக்க சாஃப்ட்வேரில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. கொஞ்சம் இழுத்தால் புள்ளி போகும். இன்னும் இழுத்தால் பரு போகும், தழும்பு போகும், சுருக்கம் போகும். அதற்கு மேலும் இழுத்தால் ஆள் போய்விடுவார், அவருக்குப் பதிலாக அவர் நிறத்தில் ஒரு மெழுகு பொம்மை சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். மக்களுக்கு அந்த பொம்மையைத்தான் பிடிக்கும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரிடமிருந்து தப்பித்து வெளியே வந்தவன். திரும்பிப் போகவே இல்லை. அந்த ஸ்லைடரில் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண் போட்டிருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக நூற்றுக்கு நூறு எடுக்க வாய்ப்பு வந்தால் யார் விடுவார்? நான் விடவில்லை.

அதுவுமில்லாமல் புள்ளி என்றால் எனக்குப் பயம். ஆல்பம் கொடுத்த ஒவ்வொரு வாரமும், யாராவது ஒரு சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "இங்க ஒரு புள்ளி" என்று விரலை வைப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். அதனால் இருட்டில் எடுத்த படம் எதுவானாலும் முழுசாக இழுத்துவிடுவது என் வழக்கம்.

அப்படித் துடைத்ததற்கு ஒரே ஒருமுறைதான் புகார் வந்தது. ஒரு கோயில் பட்டர் தன் மகன் பூணூல் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தார். "தம்பி, நெத்தியிலே நான் இட்டிருந்த விபூதி எங்கே?" என்று கேட்டார். காய்ந்து வெளுத்த மூன்று பட்டைகளையும் ஸ்லைடர் புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. "முப்பது வருஷமா வேர்வைக்கே அழியாததை நீ உக்காந்த இடத்திலேருந்தே அழிச்சுட்டியே" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிரஷை எடுத்து மூன்று கோடு வரைந்து கொடுத்தேன். நேரில் இருப்பதைவிட நேராக வந்தது.

கருக்கலில் வந்த சீர்

தவமணி அண்ணனுக்கு ஒரே தங்கச்சி. பெயர் முத்துலட்சுமி. அவளைக் கட்டிக் கொடுத்தது பழங்காநத்தத்தில் கணேசன் என்பவருக்கு. அவர்கள் மகளுக்குக் காதுகுத்து. மாமன் என்ற முறையில் தவமணி அண்ணன் சீர் கொண்டுவர வேண்டும். தங்கச்சிக்குப் பட்டு, மருமகளுக்குச் சங்கிலி, பழம், பாத்திரம் என்று தட்டுத் தட்டாக மேளத்தோடு வந்து இறங்க வேண்டும். வருகிற தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே கணேசன் வீட்டில் ஒரு கூட்டம் மண்டப வாசலில் நிற்கும். பிள்ளைக்குக் காது குத்துவதை அவ்வளவு பேர் பார்ப்பதில்லை.

முகூர்த்தம் விடிகாலையில். சீர் வந்து இறங்கியது கருக்கலில். தெருவிளக்கை மாநகராட்சி சிக்கனமாக அணைத்துவிட்டது. சூரியன் இன்னும் டூட்டிக்கு வரவில்லை. நம்ம செல்வத்தின் ஃபிளாஷ் பேட்டரி வீட்டில் பத்திரமாக சார்ஜில் இருந்தது.

அவன், இருட்டிலும் படம் விழ வைக்கிற ஐ.எஸ்.ஓ.வை கேமராவில் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கி வைத்து எடுத்திருக்கிறான். படம் என் கைக்கு வந்தபோது மேளக்காரர் முகத்தில் ரவை, தட்டில் ரவை, வானத்தில் ரவை. நான் வழக்கம்போல நூறு வரை இழுத்தேன். ரவையோடு மயில்களும் போய்விட்டன. பொடி ஜரிகையும் புள்ளிதானே, பட்டு எது, ரவை எது என்று ஸ்லைடருக்கு என்ன தெரியும்?

மேடைப் படங்கள் வேறு மாதிரி. அங்கே குழல் விளக்கு, ஃபோகஸ் விளக்கு எல்லாம் இருந்தன. வெளிச்சமான படத்துக்கு ஷார்ப்னெஸ் ஏற்றுவது எங்கள் கடைப் பழக்கம். ஏற்றினால் நகை பளபளக்கும், நகை பளபளத்தால் அடுத்த ஆர்டர் வரும். கணேசனின் அக்கா ராஜேஸ்வரி மேடையில் கவரிங் நெக்லஸ் போட்டு நின்றார். அதற்கு நான் ஏற்றிய கூர்மையில், ஆல்பத்தைப் புரட்டினால் கண் கூசும்.

இப்போது ஆல்பத்தை விரித்து வையுங்கள். இடது பக்கம் அண்ணன் கொண்டுவந்த மழைக்கோட்டு. வலது பக்கம் நாத்தனாரின் நகைக்கடை.

சேலையை நம்பாதவர்கள்

"சேலைதான் கையிலேயே இருக்குல்லண்ணே, அவங்க வீட்ல காட்டிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"காட்டுனாளே முத்துலட்சுமி!" என்றார் பேச்சியம்மாள். "கட்டிக்கிட்டே போயி நின்னா. 'இது பெறகு வாங்குனது. அன்னிக்கு வந்தது ஆல்பத்துல இருக்குல்ல, நைட்டித் துணி'ங்குறா அந்த ராஜேஸ்வரி. வர்ற போற சாதி சனத்துக்கெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் மொதல்ல தொறந்து காட்டுறாளாம். அதான் சேலையையும் ஆல்பத்தையும் முத்துலட்சுமிக்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தோம்."

சேலை பொய், படம் உண்மை. இந்த மரியாதை என் தொழிலுக்குக் கிடைத்ததில் ஒரு விநாடி பெருமையாகத்தான் இருந்தது. மறுவிநாடி வேர்த்தது.

"மாப்ள கணேசனும் ஒரு வார்த்தை பேசலை" என்றார் தவமணி அண்ணன். "தங்கச்சி போன்ல பேசுறதே கொறஞ்சு போச்சு. கேட்டா ஒண்ணுமில்லண்ணேங்குறா. அவ வாயி எனக்குத் தெரியும் தம்பி. சின்னதுல இருந்து எங்க வீட்ல அவ சத்தம்தான். அந்த வீட்ல இப்ப அவ சத்தமே இல்லையாம்."

குரலை உயர்த்தித் திட்டியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் அப்படி மெதுவாகச் சொன்னதுதான் சங்கடமாகப் போய்விட்டது.

"சரி தம்பி," விளாங்குடிக்காரர் நாற்காலியை என் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

பயத்தால் வந்த நன்மை

ஒரிஜினல் படங்கள் இருக்குமா என்று செல்வத்துக்குச் சந்தேகம். எனக்கு இல்லை. பயந்தவனிடம் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஒரு ஹார்ட் டிஸ்க் கடையில், ஒன்று வீட்டு பீரோவில், ஒன்று கொழுந்தியா வீட்டில். ஒரே நாளில் மூன்று இடத்திலும் தீப்பிடிக்காது என்று ஒரு கணக்கு. என் மனைவி, "நகையை மட்டும் ஒரே எடத்துல வைங்க" என்பாள்.

கடை டிஸ்க்கிலேயே இருந்தது. கை படாத படத்தைத் திறந்தேன்.

"என்ன தம்பி, ரேஷன் ரவையக் கொட்டுன மாதிரி இருக்கு" என்றார் விளாங்குடிக்காரர்.

"அதத்தாண்ணே அன்னிக்குத் தொடச்சேன்."

"தொடைக்கலாம். அதுக்காக வீட்டையுமா சேத்துத் தொடைப்பாங்க?"

ஸ்லைடரைப் பிடித்தேன். பத்து. பதினைந்து. இருபது. கலர் புள்ளிகளுக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் தாராளமாக இழுத்தேன். சிவப்பும் பச்சையும் அடங்கின. சேலை மட்டும் கொஞ்சம் சொரசொரவென்று நின்றது. நூறு வரை இழுத்துப் பழகிய கை இருபத்தைந்தில் நிற்கவே மாட்டேன் என்றது. பெருவிரலை டேபிளில் ஊன்றிக்கொண்டேன்.

"இந்தா! இந்தா இருக்கு பாருங்க மயிலு!" பேச்சியம்மாள் திரையில் விரலை வைத்துவிட்டார். சாதாரணமாக யாராவது திரையைத் தொட்டால் எனக்கு உயிர் போகும். அன்றைக்கு விட்டுவிட்டேன்.

தவமணி அண்ணன் திரைக்குக் கிட்டே குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னும் தெளிவா வருமா?"

"வரும்ணே. புள்ளிய எடுத்த பெறகுதான் கூர்மை ஏத்தணும். முந்தியே ஏத்துனா புள்ளியும் கூர்மையாயிரும்."

கூர்மையை ஏற்றினேன். மயிலுக்குக் கொண்டை வந்தது. அலகு வந்தது. கூடவே சேலைக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியின் ஓரமும் வந்தது. அந்த ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரும் வந்தது.

விளாங்குடிக்காரருக்கு எழுத்து வாசனை அதிகம். உரக்கவே படித்தார்: "ஆடித் தள்ளுபடி. நாப்பது சதவீதம்."

பேச்சியம்மாள் திரையிலிருந்து விரலை எடுத்தார்.

ஸ்டிக்கர் சண்டை

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" பேச்சியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினார். "அந்தக் கருமத்தைப் பிச்சு எறிங்கன்னு? 'கருக்கல்ல எவன் பாக்கப் போறான்'னு சொன்னீகளே!"

"எவனும் பாக்கலைல்ல? இம்புட்டு நாளும் எவனும் பாக்கலை. இந்தத் தம்பிதான தோண்டி எடுத்துருக்காரு."

"தோண்டச் சொன்னது யாரு?"

"மயிலத்தான தோண்டச் சொன்னேன்!"

"ஏண்ணே, நாப்பது சதவீதமா?" விளாங்குடிக்காரர் மிகுந்த மரியாதையோடு கேட்டார். "எந்தக் கடை? இந்த ஆடிக்கும் போடுவானா?"

நான் கையை உயர்த்தினேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்து கையை உயர்த்தியதே கிடையாது. இப்போது தெரிந்தது.

சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் திரை கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரிகிற கோடுகளுக்கு மட்டும் கூர்மை ஏறும், கறுப்புக்கு ஏறாது. அதிலும் தப்பித்தால் பிரஷ் இருக்கிறது, வேண்டாத இடத்தில் மட்டும் பழைய வழவழப்பைத் தடவிவிடலாம். மயிலுக்குக் கூர்மை, ஸ்டிக்கருக்கு மெழுகு. தடவிக் காட்டினேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மாம்பழம் ஒன்றின் நிழல் மாதிரி மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"ஆனா தம்பி, சேலையும் உண்மை, ஸ்டிக்கரும் உண்மைதான?" என்றார் விளாங்குடிக்காரர்.

"உண்மைதாண்ணே. எல்லா உண்மையையும் ஒரே பக்கத்துல வச்சா ஆல்பம் தாங்காதுல்ல."

தவமணி அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார். "பட்டு பட்டுதான தம்பி? தள்ளுபடியில வாங்குனா பருத்தியாவா ஆயிரும்?" பேச்சியம்மாளும் சிரிக்கப் போய், வேண்டாம் என்று அடக்கிக்கொண்டு சேலையை மடிக்க ஆரம்பித்தார்.

அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது விளாங்குடிக்காரரும் கூடவே போனார். கடை பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டிருக்க மாட்டார்.

வலது பக்கத்தில் கை வைத்தது

அத்தோடு முடித்திருக்கலாம். முடித்துவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு வராது.

ஆல்பத்தில் இடதும் வலதும் ஒரே தாளில் விரியும். புதுத் தாள் போட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும். இடது பக்கம் இயல்பாக, லேசான சொரசொரப்போடு இருக்கிறது. வலது பக்கம் ராஜேஸ்வரியின் நெக்லஸ் வெல்டிங் பொறி மாதிரி தெறிக்கிறது. பார்க்கிறவன் இரண்டும் இரண்டு கடையில் செய்தது என்று நினைப்பானே என்று எனக்குக் கவலை. அதனால் மேடைப் படத்துக்கு ஏற்றியிருந்த கூர்மையையும் இறக்கி இடது பக்கத்துக்குச் சமமாக வைத்தேன்.

செல்வம் பார்த்துவிட்டான்.

"மாப்ள, அந்தம்மா நெக்லஸ்ல கை வைக்காத."

"கை வைக்கலடா. கையத்தான் எடுத்தேன்."

"அதத்தான் வேணாங்குறேன். இப்பப் பாரு, கவரிங் கவரிங்காவே தெரியுது. கழுத்தோரம் கறுத்தது வரைக்கும் தெரியுது."

"இருக்கிறது தெரியுது."

"நீ எப்ப இருந்து இருக்கிறதைக் காட்ட ஆரம்பிச்ச?" என்றான். நியாயமான கேள்விதான். பிரிண்ட் போடுகிற லேபுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியது சரியா என்று சாயங்காலம் வரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முத்துலட்சுமி வந்தார்

தாள் மாற்றிய ஆல்பத்தை வாங்க முத்துலட்சுமியே வந்தார். ஒடிசலான உருவம். அண்ணன் சொன்ன சத்தத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, வாசலில் நின்று "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். ஒரு மயிலின் மேல் விரலை வைத்தார். அப்புறம் அடுத்த மயில். அதற்கப்புறம் அடுத்தது. நான் என்ன குறை சொல்லப் போகிறாரோ என்று நின்றுகொண்டிருந்தேன்.

"இங்க ஒரு ஸ்டிக்கரு இருக்கணுமே" என்றார்.

எனக்கு வேர்த்தது.

"அன்னிக்கு மேடைக்குப் பின்னாடி வச்சு நான்தான் நகத்தால சொரண்டி எடுத்தேன். எங்க மதினி ராஜேஸ்வரி கண்ணுல படுறதுக்கு முந்தி. எடுத்துட்டேன்னு அண்ணனுக்குத் தெரியாது. அவுகளா பெருமையா முழு வெலைக்கு வாங்குனதாச் சொன்னாக, நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன். சொல்லிராதீக."

"சொல்ல மாட்டேங்க்கா."

"அண்ணன் சீரு நல்லா வந்துச்சுன்னாத்தான் அந்த வீட்ல எனக்கு நாலு வார்த்தை பேச எடம். இல்லாட்டி குழம்புல உப்பு கூடன்னு சொன்னாக்கூட, 'ஒங்கண்ணன் போட்ட நைட்டித் துணிக்கு இது போதும்'பாக." சொல்லிவிட்டு ஆல்பத்தை மாரோடு அணைத்துக்கொண்டு போனார். வலது பக்கத்தை அவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்திருப்பார். சீர்த் தட்டில் ஸ்டிக்கர் பார்க்கிற கண்.

இரண்டொரு நாளில் கணேசன் போன் செய்தார்.

"தம்பி, ஆல்பம் பாத்தோம். சேலையெல்லாம் நல்லாத்தான் வந்துருக்கு. எங்க அக்கா நெக்லஸ் என்ன இப்படிக் கறுத்துப் போச்சு?"

"லைட்டு அப்படிண்ணே."

"மொதல்ல குடுத்தப்ப பளபளன்னு இருந்துச்சே? அப்ப லைட்டு வேறயா? அக்கா காலையில இருந்து சாப்புடல. பழையபடி பண்ணிக் குடுத்துட்டு, பாக்கிப் பணத்தை வாங்கிக்க."

"சரிண்ணே" என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாய் எல்லாவற்றுக்கும் சரிண்ணேதான். அதற்குள் போனில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி:

"அதெல்லாம் ஒண்ணும் மாத்த வேணாம்! இருந்தது இருந்தபடி வந்துருக்கு. அப்படியே கெடக்கட்டும்!"

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் நங்கென்று வைக்கப்பட்டது. பிறகு கணேசன் போனை வைத்துவிட்டார்.

"யாரு மாப்ள இந்தச் சத்தம்?" என்றான் செல்வம். போனிலிருந்து ஆறடி தள்ளி நின்றிருந்தவனுக்கே கேட்டிருக்கிறது.

"தவமணி அண்ணன் தங்கச்சி."

அந்தப் பக்கத்தை நான் மாற்றவில்லை. கணேசனும் பாக்கிப் பணத்தைக் கொடுக்கவில்லை. ஆல்பம் அவர்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டில் விரித்தபடி இருப்பதாகக் கேள்வி. எனக்கு இன்னும் வரவேண்டியது நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.